வட கொரியாவின் அணுக்குண்டும் வல்லரசுகளின் வாக்குறுதியும்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலகில் இன்று ஒன்பது அரசுகளிடம் அணுக்குண்டு இருக்கிறது. அவற்றுள் எட்டு அரசுகள், நல்லனவோ தீயனவோ, உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்வன. ஒன்பதாவது அரசு தன் வாசற்கதவை உள்ளிருந்து தானே தாழிட்டுக்கொண்டது. வெளியிலிருந்து மற்றையோரும் பூட்டுப் போட்டிருக்கின்றனர். அதுவே வட கொரியா. அந்த வீட்டுக்குள்ளே சுமார் 2 கோடி 60 இலட்சம் மக்கள் இருக்கின்றனர். அவர்களுடைய அடுப்பு எரிகின்றதா என்பதை உலகம் கவனிப்பதில்லை. குண்டு வெடித்த நாளில் மாத்திரமே அத்திசையை நோக்குகிறது.

இச்சபையில் வைத்தியரும் சட்டத்தரணிகளும் ஆசிரியரும் இருக்கின்றீர்கள். வயலிலும் தோட்டத்திலும் பாடுபடும் கமக்காரப் பெருமக்களும் வந்திருக்கின்றீர்கள். "எங்கோ கிடக்கும் கொரியாவில் எமக்கென்ன வேலை?" என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வியில் நியாயமில்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆயின் ஒன்றை நினைவூட்டுவோம். 1950ஆம் ஆண்டு கொரியாவில் யுத்தம் மூண்டபோது இறப்பரின் விலை வானளாவ ஏறிற்று. பின்னர் அதே வேகத்தில் விழுந்தது. அரிசி கிடைப்பதோ அரிதாயிற்று. சீனாவுக்கு யுத்தத்திற்குதவும் பொருள்களை விற்கலாகாதென ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்தில் தடை விதித்திருந்தது. இலங்கை அப்போது அச்சபையின் அங்கத்துவ நாடன்று. 1955 டிசெம்பரிலேதான் அங்கத்துவம் கிடைத்தது. எனவே 1952 டிசெம்பரில், கம்யூனிசத்தை மேடைதோறும் வைதுகொண்டிருந்த அதே அரசாங்கம், வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா மூலமாகச் சீனாவோடு ஒப்பந்தம் செய்தது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, 270,000 தொன் அரிசி வாங்குவது, ஐந்தாண்டுக்கு. அமெரிக்கா சினந்து உதவியை நிறுத்திற்று. அன்று நம் பானையில் வெந்த சோற்றிலே கொரிய யுத்தத்திற்கும் ஒரு பங்கு இருந்தது என்க.

அந்த யுத்த முனையில் ஒரு தமிழரும் இருந்தார். ஆற்காட்டுப் பெயர் தாங்கிய டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் இராணுவ வைத்தியரின் தலைமையில் இந்தியாவின் 60ஆவது பரசூட் மருத்துவப் படைப்பிரிவு அங்கே காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தது. துப்பாக்கியேந்திய படையை அனுப்ப மறுத்த நேரு, கத்திரிக்கோலும் மருந்தும் ஏந்திய படையை அனுப்பினார். இச்சபையிலுள்ள வைத்தியர்கள் அப்பெயரை அறிந்திருத்தல் நன்று.

இனி விஷயத்திற்கு வருவோம்.

கொரியா ஒரே மொழியும் ஒரே இனமும் உடைய நாடு. 1910இல் யப்பான் அதனை விழுங்கிற்று. 1945 ஓகஸ்டில் யப்பான் வீழ்ந்தபோது, வாஷிங்டனில் இரண்டு இளம் அதிகாரிகள் ஓர் இரவில் தேசப்படத்தை விரித்து 38ஆம் பாகையிலே ஒரு கோடு கிழித்தனர். வடக்கே ருஷ்யப்படை, தெற்கே அமெரிக்கப்படை. அந்த இருவருள் ஒருவரான டீன் ரஸ்க் பிற்காலத்தில் அமெரிக்க இராஜாங்க மந்திரியானார். கொரிய மக்களுள் ஒருவரிடமேனும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. 1948இல் அக்கோட்டின் இருபுறமும் இரண்டு அரசுகள் தோன்றின. இரண்டும் முழு நாட்டுக்கும் தாமே உரியோர் என்றன. 1950 யூன் 25இல் வடக்கின் படை கோட்டைத் தாண்டிற்று. யுத்தத்தைத் தொடங்கியது வடக்கே, இதில் ஐயத்துக்கிடமில்லை. ஸ்டாலினின் சம்மதம் பெற்றே கிம் இல் சுங் அதனைச் செய்தார்.

ஆயின் யுத்தம் நடத்தப்பட்ட முறையை அறியாதவர், அந்நாடு ஏன் இன்றும் நிலத்தின் கீழே சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறதென்பதை அறியார். அமெரிக்க விமானங்கள் கொரியாவில் கொட்டிய குண்டுகள் 635,000 தொன். இரண்டாம் உலக யுத்தத்தில் பசுபிக் களம் முழுவதிலும் கொட்டியதைக் காட்டிலும் இஃது அதிகம். நேப்பாம் என்னும் தீக்குழம்பு இதற்குப் புறம்பாக 32,000 தொன்னுக்கு மேல். வடக்கின் நகரங்களில் நின்ற கட்டடங்களை விரல்விட்டு எண்ணலாம் என்ற நிலை வந்தபின், 1953 மே மாதத்தில் நீர்ப்பாசன அணைக்கட்டுகள் இலக்காயின. பியொங்யாங்கிற்கு வடக்கேயுள்ள தொக்சான் அணை மே 13இல் உடைக்கப்பட்டது. நாற்று நட்ட வயல்களை வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. குளக்கட்டு உடைந்தால் என்னவாகுமென்று கமக்காரருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுமா? அதற்கு முன்பே, 1950 நவம்பர் 30இல், அணுக்குண்டைப் பாவிப்பது எப்போதும் ஆலோசனையில் உள்ளதென ஜனாதிபதி ட்ரூமன் பத்திரிகையாளரிடம் கூறினார். அதைக் கேட்டுப் பதறி இங்கிலாந்துப் பிரதமர் அட்லி வாஷிங்டனுக்கு ஓடினார். இலண்டன் பதறியதாயின், குண்டு விழக்கூடிய ஊரில் இருந்தோர் எவ்வளவு பதறியிருப்பர்!

1953 யூலை 27இல் பன்முஞ்சொம்மில் போர்நிறுத்தம் கையொப்பமாயிற்று. கவனியுங்கள்: அது போர்நிறுத்தமேயன்றிச் சமாதான உடன்படிக்கை அன்று. தென் கொரியா அதில் கையொப்பமிடவேயில்லை. மூன்று மாதத்துள் அரசியல் மகாநாடு கூட்டிச் சமாதானம் காணவேண்டுமென அதிலே எழுதப்பட்டது. 1954இல் ஜெனீவாவில் கூடினார்கள், கலைந்தார்கள். அம்மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. சட்டத்தின் கண்ணில் அந்த யுத்தம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. இருபுறமும் சேர்ந்து நான்கு கிலோமீற்றர் அகலமுள்ள நிலக்கீற்று ஒன்று சுமார் 250 கிலோமீற்றர் நீளத்திற்கு நாட்டைக் குறுக்கே அறுத்துக் கிடக்கிறது. புதிய ஆயுதங்களைக் கொண்டுவரலாகாதென்ற நிபந்தனையும் போர்நிறுத்தத்தில் இருந்தது. வடக்கு அதனை மீறிற்றென்று குற்றஞ்சாட்டி 1957இல் அமெரிக்கா அந்நிபந்தனையைக் கைகழுவிற்று. 1958 தொடங்கி 1991 வரை தென் கொரியாவில் அமெரிக்க அணு ஆயுதங்கள் வைக்கப்பட்டிருந்தன. கொரிய மண்ணுக்கு அணு ஆயுதம் முதலில் வந்தது இவ்வாறே.

இதனாலே வட கொரிய அரசு நல்லரசு என்று நாம் சொல்ல வருவதாக எவரும் எண்ணற்க. பாட்டன், தகப்பன், மகன் என மூன்று தலைமுறையாக ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும் ஆட்சி அது. வானொலிப் பெட்டியின் முள்ளை அரசு நிலையத்தில் நிறுத்தி முத்திரை வைப்பது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு. பாட்டன் செய்த குற்றத்திற்குப் பேரனுக்குச் சிறை. 2014இல் அவுஸ்திரேலிய நீதியரசர் மைக்கல் கேர்பி தலைமையிலான ஐ.நா. விசாரணைக் குழு, அரசியற் சிறை முகாம்களில் 80,000 முதல் 120,000 வரையானோர் இருப்பதாக மதிப்பிட்டு, அங்கே நடப்பவை மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்கள் என்று எழுதிற்று. சோஷலிசம் என்ற பெயரை அந்த ஆட்சி பூண்டிருப்பது அப்பெயருக்கு நேர்ந்த அவமானம். 1971 ஏப்ரில் கிளர்ச்சியின்போது கொழும்பிலிருந்த அதன் தூதரகத்தை, அதற்கு முந்திய ஆண்டிலேதான் அங்கீகாரம் வழங்கிய சிறிமாவோ அரசாங்கமே மூடுவித்தது என்பதும் இங்கு பலருக்கு நினைவிருக்கும்.

இவ்வாட்சியின் உண்மை முகத்தைக் காணவேண்டுமாயின் அணுக்குண்டைப் பார்ப்பதிலும் வயலைப் பார்ப்பதே மேல். ஆகவே சிறிது நேரம் கமத்தைப் பற்றிப் பேசுவோம்.

வட கொரியா பரப்பில் இலங்கையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் மலைநாடு, உழக்கூடிய நிலம் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. மேற்குக் கரையோரச் சமவெளியிலேதான் நெல் விளையும். ஹுவாங்ஹே மாகாணங்களே அதன் நெற்களஞ்சியம். குளிர் நீண்டது; ஆண்டுக்கொரு போகமே நெல். நமக்குப் பெரும்போகம் பிழைத்தாற் சிறுபோகம் உண்டு. அவர்களுக்கு அந்த ஆறுதல் இல்லை. இத்தகைய நிலத்தில் எவருடைய தயவுமின்றித் தன்னிறைவு காண்போமென்று கிம் இல் சுங் சபதம் செய்தார். தன்னிறைவு என்று பெயர் சூட்டினாரேயொழிய, அது நின்ற கால்கள் யாவும் பிறருடைய கால்கள். வயலுக்கு நீரை மேட்டுக்கு ஏற்றியது மின்சாரப் பம்பி. மின்சாரத்திற்கும் உழவு யந்திரத்திற்கும் எண்ணெய் சோவியத் நாட்டிலிருந்தும் சீனாவிலிருந்தும் சலுகை விலைக்கு வந்தது. யப்பானியர் காலத்தில் ஹங்நாமில் எழுந்த பசளைத் தொழிற்சாலை உலகிற் பெரியனவற்றுள் ஒன்று; அதுவும் எரிபொருளும் மின்சாரமும் இன்றி இயங்காது. மலைச் சரிவுகளில் மரத்தை வெட்டிப் படிவரிசை அமைத்துச் சோளம் நடுமாறு தலைவர் 1970களில் கட்டளையிட்டார். அதனை மறுத்துச் சொல்ல ஒரு விவசாய உத்தியோகத்தருக்கும் துணிவில்லை. மழை பெய்தபோது மலையின் மண் வயலுக்கும் ஆற்றுக்கும் இறங்கிற்று.

1990இல் சோவியத் நாடு தென் கொரியாவோடு உறவு கொண்டது. அதன்பின் எண்ணெய்க்கு ரொக்கப் பணம் கேட்டது. 1991இல் தானே மறைந்தது. 1992இல் சீனாவும் தென் கொரியாவை அங்கீகரித்தது. எண்ணெய் வரவு வீழ்ந்தது. பம்பி நின்றது. பசளை நின்றது. இலங்கையில் 2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளைக்கு ஒரே நாளில் தடை போட்டபோது ஒரு போகத்தில் நெல் என்னவாயிற்றென்பதை இங்குள்ள கமக்காரர் கையால் அளந்து கண்டவர்கள். அப்படிப் பல ஆண்டுகள் தொடர்ந்தால் எப்படி இருக்குமென்று எண்ணிப் பாருங்கள். 1995இல் பெருவெள்ளம் வந்தது. அரசின் பங்கீட்டு அரிசியை நம்பியிருந்த நகரத்துத் தொழிலாளி, குறிப்பாக வடகிழக்கு மாகாணங்களில், பட்டினியால் மாண்டான். மாண்டோர் தொகையைச் சிலர் சில இலட்சமென்பர். சிலர் இருபது இலட்சத்துக்கு மேலென்பர். எண்ண அனுமதித்தால் அன்றோ சரியான கணக்குத் தெரியும்! உயிர்பிழைத்தோரைக் காத்தது அரசு அன்று. அரசு தடுத்திருந்த சந்தையே. வீட்டுக் கொல்லையில் விளைந்ததைக் கூடையில் வைத்துத் தெருவோரம் விற்ற பெண்கள் அந்நாட்டைக் காப்பாற்றினார்கள் எனலாம்.

பட்டினி உச்சத்திலிருந்த அதே ஆண்டுகளில் அணுத்திட்டமும் நடந்தது. அதன் கதை சட்டத்தரணிகளுக்குச் சுவையாக இருக்கும். ஏனெனில் முழுவதும் ஒப்பந்தங்களின் கதை.

யொங்பியொன் என்னும் இடத்தில் 5 மெகாவாட் அணு உலை 1986இல் இயங்கத் தொடங்கிற்று. மின்சாரத்திற்கு அது சிறிது, புளுட்டோனியத்திற்குப் போதுமானது. 1985இலேயே வட கொரியா அணு ஆயுதப் பரவற் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தது. 1992இல் வந்த சர்வதேசப் பரிசோதகர்கள் கணக்கு உதைக்கிறதென்றார்கள். 1994 யூன் மாதத்தில் யொங்பியொன் மீது குண்டு வீசுவது பற்றி கிளின்டன் அரசாங்கம் ஆலோசித்தது. எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீற்றரில் சியோல் நகரம், வடக்கின் பீரங்கிகளின் நிழலில் இருக்கிறது. அந்நேரத்தில் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் பியொங்யாங் சென்று கிம் இல் சுங்கோடு பேசினார். யூலையில் கிம் இறந்தார். எனினும் ஒக்டோபர் 21இல் ஜெனீவாவில் ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. உலையை மூடுவது, சுமார் 8,000 எரிபொருட் கோல்களை முத்திரையிட்டு வைப்பது வடக்கின் கடமை. குண்டு செய்ய எளிதிலுதவாத இரண்டு மின் உலைகளைக் கட்டிக் கொடுப்பது, அதுவரை ஆண்டுக்கு 500,000 தொன் எரியெண்ணெய் அனுப்புவது, படிப்படியாக இராஜதந்திர உறவை ஏற்படுத்துவது மறுபக்கத்தின் கடமை.

எட்டாண்டுகள் அந்த உலை மூடியிருந்தது. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். பேச்சுவார்த்தையால் ஒன்றும் ஆகாதென்போருக்கு இந்த எட்டாண்டே விடை. ஆனால் எண்ணெய்க் கப்பல் தாமதித்தது. அமெரிக்கக் காங்கிரஸ் பணம் தரத் தயங்கிற்று. 2003இல் முடியவேண்டிய மின் உலைக்கு 2002 ஓகஸ்டிலேதான் முதற் கொங்கிறீற் ஊற்றப்பட்டது. வடக்கும் சும்மா இருக்கவில்லை, பாகிஸ்தானின் ஏ. கியூ. கான் வழியாக யுரேனியம் செறிவூட்டும் கருவிகளை இரகசியமாகப் பெற்றது. 2002 ஒக்டோபரில் அது வெளிப்பட்டதும் ஒருவரையொருவர் துரோகியென்றனர். எண்ணெய் நின்றது; முத்திரை உடைந்தது; 2003 ஜனவரியில் வடக்கு பரவற்றடை ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிற்று. ஒப்பந்தம் எழுதுவதும் பின் கிழிப்பதும் எத்தகையதென்று 1957இலும் 1965இலும் கண்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் கொரிய விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே ஒப்பந்தத்தின் இரு முனையையும் இருவரும் பிடித்துக் கிழித்தனர்.

2003இல் ஆறு நாடுகள் பீகிங்கில் கூடின. 2005 செப்டெம்பர் 19இல் நல்லதோர் அறிக்கை வெளியிட்டன. அதே வாரத்தில் அமெரிக்கத் திறைசேரி மக்காவு நகரத்து வங்கியொன்றின்மீது நடவடிக்கை எடுக்க, அங்கே வடக்குக்கிருந்த இரண்டரைக் கோடி டொலர் முடங்கிற்று. ஓர் அமைச்சு கைகொடுக்க மறு அமைச்சு காலை வாரிற்று. 2006 ஒக்டோபர் 9இல் முதலாவது அணுக்குண்டு வெடித்தது. 2009, 2013, 2016இல் இருமுறை, 2017 செப்டெம்பர் 3 என மொத்தம் ஆறு. முதலாவது மிகச் சிறியது. ஆறாவது, ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் பன்மடங்கு. 2017இல் அமெரிக்க மண்ணை எட்டக்கூடிய ஏவுகணைகளும் பறந்தன. ஸ்டொக்ஹோமிலுள்ள சமாதான ஆராய்ச்சி நிறுவனம் அண்மைய ஆண்டுகளில் வடக்கிடம் சுமார் 50 குண்டுகள் இருப்பதாக மதிப்பிட்டது.

ஏன் இப்படிப் பிடிவாதம்? பைத்தியக்காரத்தனம் என்பார் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. லிபியாவின் கடாபி 2003 டிசெம்பரில் தம் அணுத்திட்டத்தைக் கைவிட்டார். மேல்நாட்டார் அவரைத் தழுவினர். 2011இல் அவர்களுடைய விமானங்கள் வானில் வட்டமிட, அவர் தெருவில் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு மார்ச்சிலேயே, லிபியா ஏமாற்றப்பட்டதென்று பியொங்யாங் வெளிவிவகார அமைச்சு கூறிற்று. உக்ரேன் தன் மண்ணிலிருந்த சோவியத் குண்டுகளை ஒப்படைத்து, 1994 டிசெம்பரில் புடபெஸ்ட்டில் எல்லைக்கு உத்தரவாதம் பெற்றது. அக்குண்டுகளின் திறவுகோல் மொஸ்கோவில் இருந்ததென்பது உண்மையே. எனினும் உத்தரவாதம் கொடுத்த ருஷ்யாவே 2014இலும் 2022இலும் அவ்வெல்லையை மிதித்தது. 2025 யூனில் குண்டில்லாத ஈரானின் அணு நிலையங்கள்மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. பியொங்யாங்கில் இருப்பவர் இம்மூன்றையும் ஒரே பாடமாகப் படிக்கிறார். வல்லரசுகள் தாமே எழுதிக் கொடுத்த பாடநூல் அது. பாடம் கொடியது, ஆனால் பிழையாகப் படித்தாரென்று சொல்ல நம்மால் முடியவில்லை.

அடுத்து, தடை. 2006 முதல் பாதுகாப்புச் சபை பிரேரணைமேற் பிரேரணை நிறைவேற்றிற்று. 2017இன் பிரேரணைகள் நிலக்கரி, இரும்பு, கடலுணவு, துணி ஆகியவற்றின் ஏற்றுமதியை நிறுத்தின. சுத்திகரித்த எண்ணெய் ஆண்டுக்கு 500,000 பீப்பாய்க்கு மேல் போகலாகாது. யந்திரங்களும் உலோகப் பொருள்களும் போகலாகா. உணவும் மருந்தும் தடையில் இல்லையென்று சொல்லப்படும். கடதாசியில் அது மெய்தான். ஆயின் 1990களில் நம் வடபகுதியில் வாழ்ந்தோருக்குத் தடை என்பது கடதாசியன்று. மண்ணெண்ணெய்க்குத் தடை, பசளைக்குத் தடை, பற்றரிக்குத் தடை, சவர்க்காரத்திற்குங்கூடத் தடை. ஜாம் போத்தலில் திரியிட்டுப் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி டைனமோவால் வானொலிச் செய்தி கேட்டனர். தடை எவருக்கு எதிரானதென்று கொழும்பு சொல்லிற்றோ அவர்கள் அதனால் யுத்தத்தை நிறுத்தவில்லை. வெங்காயத்திற்கு இறைக்க எண்ணெயின்றித் தவித்தவன் கமக்காரன். சத்திரசிகிச்சைக்கு மருந்தின்றித் தவித்தவர் வைத்தியர். ஆகவே கொரியக் கமக்காரனின் பம்பியைப் பற்றிப் பேச நமக்கு உரிமையுண்டு.

ஆட்சியாளர் தடையைத் தாண்டப் பல வழி கண்டனர். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் நியூயோர்க்கிலிருந்து கணினி மூலம் களவாடப்பட்டது. வட கொரியாவின் கையாட்களே செய்தனரென அமெரிக்க நீதித் திணைக்களம் 2018இல் வழக்குப் பதிந்தது. 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸில் மறைந்தது. வேறு 2 கோடி டொலர் எங்கே அனுப்பப்பட்டது தெரியுமா? நம் இலங்கைக்கு! பெறவேண்டிய அமைப்பின் பெயரிலே ஓர் ஆங்கில எழுத்துப் பிழை இருந்தமையால் சந்தேகம் எழுந்து பணம் திரும்பிப் போயிற்று. எழுத்துக் கூட்டிப் படிப்பதன் பெருமையை மாணவருக்குச் சொல்ல ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2025 பெப்ரவரியில் மின்னாணயச் சந்தையொன்றிலிருந்து போன 150 கோடி டொலரையும் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அவர்கள் கணக்கிலேயே எழுதிற்று. குண்டுக்குப் பணம் வருகிறது. பம்பிக்கு உதிரிப்பாகம் வருவதில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். 2020 ஜனவரியில் கொள்ளைநோய்க்கு அஞ்சி எல்லையை இறுக மூடி, சீனாவுடனான வர்த்தகத்தை ஐந்திலொன்றுக்கும் கீழே தள்ளியது எந்தப் பிரேரணையும் அன்று, அவ்வரசேதான்.

சமாதானத்திற்கு ஒரு வாய்ப்பு வராமலில்லை. 2018 ஏப்ரில் 27இல் தெற்கின் ஜனாதிபதி மூன் ஜே இன் அவர்களும் கிம் ஜொங் உன்னும் எல்லைக் கல்லைக் கைகோத்துத் தாண்டினர். யூன் 12இல் சிங்கப்பூரில் ட்ரம்ப் அவரைச் சந்தித்தார். 2019 பெப்ரவரியில் ஹனோயில் மீண்டும் சந்திப்பு. யொங்பியொன்னைத் தருகிறேன், 2016, 2017இல் போட்ட முக்கிய தடைகளை நீக்குக என்றார் கிம். அது போதாதென்றார் ட்ரம்ப். மதிய போசனம் மேசையில் இருக்க, இருவரும் உண்ணாமலே பிரிந்தனர். அணுசக்தியை முற்றாகக் கைவிட்டாலன்றி ஒன்றும் தரமாட்டோமென்ற பிடிவாதமும், பழைய உலையொன்றைக் கொடுத்து யாவற்றையும் பெறலாமென்ற பேராசையும் அன்று மோதின. பாதி கொடுத்துப் பாதி பெற்றிருக்கலாம் என்பதே நம் கருத்து. அந்தப் பாதி கிடைத்திருந்தால் பின்வந்த ஆண்டுகளில் யொங்பியொன்னில் ஒரு பிடி புளுட்டோனியமும் சேர்ந்திராது.

பின்னர் காலம் மாறிற்று. 2022 செப்டெம்பரில் வடக்கு அணு ஆயுதச் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. தலைமைக்கு ஆபத்து நேர்ந்தால் அணுத்தாக்குதல் தானாகவே உடன் தொடங்கவேண்டுமென்கிறது அச்சட்டம். தெற்கோ, தாக்குதலுக்கு அறிகுறி தெரிந்தால் முந்திக்கொண்டு தலைமையை அழிக்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒரு ராடார் கருவியின் பிழை, ஓர் அதிகாரியின் பதற்றம் போதும். மனம் அறிந்து எவரும் யுத்தம் தொடங்குவாரென்று நாம் அஞ்சவில்லை. தவறித் தொடங்குமென்றே அஞ்சுகிறோம். 2024 தொடக்கத்தில், தெற்கு இனி உடன்பிறப்பன்று, முதற் பகையென்று கிம் அறிவித்தார். பாட்டன் காலத்திலிருந்து ஒலித்த ஐக்கிய கோஷத்தைப் பேரன் புதைத்தார். தெற்கிலும் தமக்கும் சொந்தக் குண்டு வேண்டுமென்போர் கருத்துக் கணிப்புக்கள் பலவற்றில் பெரும்பான்மையாயினர். தெற்கு செய்தால் யப்பான் சும்மா இருக்குமா என்பது அடுத்த கேள்வி.

உக்ரேன் யுத்தத்தில் குண்டும் எறிகணையும் தேடிய ருஷ்யா வடக்கை நாடிற்று. 2024 மார்ச் 28இல், தடைகளைக் கண்காணித்துவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் ஆயுளை ருஷ்யா வீட்டோ செய்து முடித்தது. சீனா வாக்களிக்காது இருந்தது. தான் கையுயர்த்தி நிறைவேற்றிய பிரேரணைகளின் காவற்காரனைத் தானே வீட்டுக்கு அனுப்பிற்று. யூன் 19இல் புட்டின் பியொங்யாங் வந்து, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவும் உடன்படிக்கை செய்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வட கொரியப் போர்வீரர் குர்ஸ்க் களத்திற்குச் சென்றனர். 2025 ஏப்ரிலில் இரு அரசுகளும் அதனை ஒப்புக்கொண்டன. உணவுக்கும் எண்ணெய்க்கும் பிள்ளைகளை விற்றதாகவே நாம் இதனைக் காண்கிறோம். 2025 செப்டெம்பர் 3இல் பீகிங் இராணுவ அணிவகுப்பில் சீ ஜின்பிங், புட்டின் ஆகியோரின் பக்கத்தில் கிம் நின்றார். தனிமைப்படுத்தும் கொள்கையால் அவர் பணிவாரென்று எண்ணியோர் அந்தப் படத்தைச் சட்டமிட்டு மாட்டி வைக்கலாம்.

இனிச் செய்யத்தக்கது யாது? நம் அபிப்பிராயத்தைச் சொல்லி முடிக்கிறோம். குண்டை முற்றாகக் கைவிடுக என்பதைப் பேச்சின் முதல் நிபந்தனையாக வைப்பதில் பயனில்லை. அதனைக் கடைசிப் படியாகவே வைக்கவேண்டும். முதலில் பரிசோதனையும் உற்பத்தியும் நிற்கட்டும். அதற்கு விலையாக 2017இன் தடைகளிற் சில தளரட்டும். 2025இல் பதவியேற்ற தெற்கின் ஜனாதிபதி லீ ஜே மியொங் அவர்களும் நிறுத்தல், குறைத்தல், ஒழித்தல் என்ற மூன்று படிகளையே கூறினார். எல்லை ஒலிபெருக்கிகளையும் நிறுத்தினார். குண்டைக் கைவிடும் பேச்சை அமெரிக்கா விடுமாயின் உட்கார்ந்து பேசத் தடையில்லையெனக் கிம் 2025 செப்டெம்பரில் கூறினார். இரண்டு கூற்றுக்கும் இடையே தூரம் அதிகந்தான். ஆனால் 1953இல் இருந்த தூரத்திலும் அதிகமன்று. அந்த ஆண்டு எழுதாமல் விட்ட சமாதான உடன்படிக்கையை எழுதுவதற்கு ஒரு குண்டையும் எண்ணவேண்டியதில்லை. பேசுவதனால் சிறை முகாம்களைப் பற்றி வாய்திறவாதிருத்தல் வேண்டுமென்பதும் இல்லை. ஆயுதப் பேச்சின் மேசையிலேயே கேர்பியின் அறிக்கையையும் வைக்கலாம்.

இலங்கை இதில் என்ன செய்யலாம்? 1954இல் கொழும்பிலே ஆசியப் பிரதமர் ஐவர் கூடியபோது நீரகக் குண்டு வெடிப்புகளை நிறுத்துமாறு கேட்டனர். அன்று நமக்கிருந்த குரல் இன்று மெலிந்துவிட்டது, ஆயினும் ஐ.நா. சபையில் ஓர் இருக்கை உண்டு. யந்திரங்களுக்குத் தடை இருப்பதால், வட கொரியக் கூட்டுப் பண்ணைக்கு ஒரு நீரிறைக்கும் பம்பியை அனுப்பும் நிவாரணச் சங்கமும் நியூயோர்க்கிலுள்ள தடைக் குழுவிடம் தனித்தனியே அனுமதி பெறவேண்டியிருக்கிறது. நீர்ப்பம்பி, அதன் உதிரிப்பாகம், குழாய், தெளிகருவி, வைத்தியசாலை உபகரணம் ஆகியவற்றுக்குப் பொது விலக்கு அளிக்குமாறு இலங்கை அக்குழுவுக்கு எழுதவேண்டும் என்பது நம் கோரிக்கை. வெளிவிவகார அமைச்சுக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் நகல் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. சம்மதமுள்ளோர் போகும்போது கையொப்பமிட்டுச் செல்லலாம்.